நிழல்போல் தொடரும் பூனை

நாய் ஆளை நம்பும். பூனை வீட்டை நம்பும் என்பது மக்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் கருத்து. உண்டி கிடைக்கும் இடமே பூனைக்கு உறவு என்றும், வளர்த்தவர்மீது அதற்குப் பற்றில்லை என்றும் பலர் கூறுவர். ஆயினும், பூனை வளர்க்கும் இல்லங்களில் நாடோறும் நிகழும் ஒரு காட்சி இக்கருத்துக்கு மாறாக நிற்கின்றது. இல்லத்தலைவி அடுக்களையிலிருந்து கிணற்றடிக்குச் சென்றால் பூனையும் உடன் செல்கின்றது. அவர் விறாந்தையில் அமர்ந்து அரிசி புடைத்தால், அது சுளகின் அருகே படுத்துக்கொள்கின்றது. அறையினுட் புகுந்து கதவைச் சாத்தினாலோ வாயிலில் இருந்து குரல் கொடுக்கின்றது. வயிறு நிறைய உண்ட பின்னரும் அது இவ்வாறு பின்தொடர்வதன் காரணம் யாது?

இவ்வினாவுக்கு விடை காண்பதற்குப் பூனையின் பூர்வீகத்தை முதலில் நோக்குதல் வேண்டும். வீட்டுப்பூனையின் மூதாதை ஆபிரிக்கக் காட்டுப்பூனை எனப்படும் இனமாகும். ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னர், மேற்காசியாவிலே மனிதன் பயிர்செய்து தானியத்தைச் சேமிக்கத் தொடங்கிய காலத்தில், களஞ்சியத்து எலிகளைத் தேடிவந்த காட்டுப்பூனைகள் மெல்ல மெல்ல அவனை அண்டி வாழப் பழகின என்பது அறிஞர் பலரின் கொள்கை. சைப்பிரசுத் தீவிலே ஏறத்தாழ 9,500 ஆண்டுப் பழமை வாய்ந்த புதைகுழியொன்றில், மனித எலும்புக்கூட்டின் அருகே பூனையொன்றின் எலும்புக்கூடும் கிடந்தமையைப் பிரெஞ்சு ஆய்வாளர் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வாழ்விலே கூடியிருந்த உயிரைச் சாவிலும் உடன் வைத்தனர் போலும்.

காட்டுப்பூனை தனித்து வாழும் விலங்கு. நாயின் மூதாதையாகிய ஓநாய்க்கு உள்ளதுபோல அதற்குக் கூட்டம் இல்லை. அது தன் வாழ்நாளில் அறியும் நெருங்கிய உறவு, தாய்க்கும் குட்டிக்கும் இடையிலுள்ள உறவே. எனவே, மனிதனோடு பழக நேர்ந்தபோது வீட்டுப்பூனை அந்த உறவின் மொழியையே கையாண்டது எனலாம். வாலை நிமிர்த்திக்கொண்டு ஓடிவருதல், குட்டி தாயை வரவேற்கும் முறை. மடியிலே முன்கால்களை மாறி மாறி அழுத்துதல், பாலருந்தும் குட்டி தாயின் வயிற்றைப் பிசையும் செயல். வளர்ந்த பூனைகள் தமக்குள் 'மியாவ்' என்று கத்துதல் அரிது. குட்டி தாயை அழைக்கும் அவ்வொலியை அவை மனிதரிடத்தே வாழ்நாள் முழுவதும் வழங்குகின்றன. காலிலே கன்னத்தை உராய்தலும் பொருளற்ற செயலன்று. கன்னத்திலுள்ள சுரப்பிகளின் மணத்தைப் பூசி, 'இவர் எம்மவர்' என்று அது குறித்துவைக்கின்றது.

வைணவ ஆசிரியர்கள் இறையருளை விளக்குதற்கு மார்ச்சார நியாயம் என்றோர் உவமை கூறுவர். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியோ யாதொரு முயற்சியுமின்றித் தாயின் வாயிலே தன்னை ஒப்புவித்துக் கிடக்கும் என்பது அதன் கருத்து. அந்த நம்பிக்கையின் ஒரு கூறு வளர்ந்த பூனையிடத்தும் எஞ்சியிருப்பதை அண்மைக்கால ஆராய்ச்சிகள் உணர்த்துகின்றன.

அமெரிக்காவிலுள்ள ஒரெகன் அரசுப் பல்கலைக்கழகத்தார் 2019ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பூனைக்குட்டியும் அதனை வளர்ப்பவரும் புதிய அறையொன்றில் 2 நிமிடம் ஒன்றாக இருந்தனர். வளர்ப்பவர் 2 நிமிடம் வெளியே சென்று மீண்டும் வந்தார். அவரைக் கண்டதும் கலக்கம் நீங்கி, அறையைச் சுற்றிப்பார்க்கத் தொடங்கிய குட்டிகள் நூற்றுக்கு ஏறத்தாழ 64. மனிதக் குழந்தைகளிடத்தும் ஏறத்தாழ இதே அளவே காணப்பட்டுள்ளது. வளர்ந்த பூனைகளின் அளவும் இதிலிருந்து அதிகம் வேறுபடவில்லை. எனவே வளர்ப்பவர் பூனைக்குச் சோறிடும் கை மட்டுமல்லர். அச்சந் தீர்க்கும் துணையுமாவர்.

யப்பானின் கியோத்தோப் பல்கலைக்கழகத்தார் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. வளர்ப்பவர் பூனையின் பெயரைச் சொல்லி அழைக்கும் பதிவுக்குரல் ஓரிடத்தில் ஒலித்தது. சில கணத்துள் அதே குரல், அவர் அதற்குள் சென்றிருக்க இயலாத வேறோரிடத்தில் ஒலித்தபோது பூனைகள் திகைத்தன. கண்ணுக்குத் தோன்றாதபோதும் அவர் எங்கே இருக்கின்றார் என்பதைப் பூனை மனத்திலே குறித்துக்கொண்டிருக்கின்றது என்பது இதனாற் புலனாகும். கதிரையிலே கண்மூடிக் கிடக்கும் பூனையும் வீட்டாரின் நடமாட்டத்தைச் செவியாற் பின்தொடர்தல் கூடும்.

எல்லாப் பூனைகளும் ஒரே தன்மையன அல்ல. பிறந்து 2ஆம் கிழமை முதல் 7ஆம் கிழமை வரை மனிதர் கையில் அன்பாகத் தூக்கிப் பழக்கப்பட்ட குட்டியே பின்னாளில் மனிதரை எளிதில் நாடும். மேலும், பின்தொடர்தல் முழுவதும் மகிழ்ச்சியின் அடையாளம் என்று கொள்ளுதலும் தவறு. தொடர்ந்து வந்து, சிறிது நேரம் உராய்ந்துவிட்டுத் தன்பாட்டில் விளையாடச் செல்லும் பூனை மனநிறைவோடு வாழ்கின்றது. ஒருகணமும் பிரியமாட்டாது கதறும் பூனையிடம் அச்சமோ நோயோ இருத்தல் கூடும். வயது முதிர்ந்த பூனை நிறைய உண்டும் மெலிந்து, அமைதியின்றிக் கத்தித் திரியுமாயின், தைரொயிட்டுச் சுரப்பி மிகையாகத் தொழிற்படுதல் அதற்குக் காரணமாகலாம். பழக்கம் திடீரென மாறினால் மிருக வைத்தியரிடம் காட்டுதலே தக்கது.

இவற்றையெல்லாம் அறிந்தபின், நாட்டிலே வழங்கும் ஒரு கொடிய பழக்கத்தைப் பற்றிச் சிந்தித்தல் கடன். பூனை பெருகிவிட்டதென்று அதனைச் சாக்கிலே கட்டி, தொலைவிலுள்ள சந்தையிலோ கோயில் வீதியிலோ விட்டுவருவோர் உளர். எங்கேயும் பிழைத்துக்கொள்ளும் என்பது அவர் கூறும் சமாதானம். வீட்டார் எந்த அறையில் இருக்கின்றார் என்பதைக் காதினாலே அறிந்து வாழ்ந்த உயிருக்கு அது பிழைப்பாகாது. தாயை இழந்த நிலையேயாகும். பூனை 6 மாதம் நிறையுமுன்னரே கருத்தரிக்கக் கூடும். ஆதலால் உரிய காலத்தில் மிருக வைத்தியரிடம் கருத்தடைச் சிகிச்சை செய்வித்தலும், நீர்வெறுப்பு நோய்க்குத் தடுப்பூசி ஏற்றுவித்தலுமே நேரிய வழி. பால் வார்த்து அழைத்த வீட்டார், நிழல்போல் தொடரும் அவ்வுயிரை இறுதிவரை காப்பதே முறை.