ஒருபுறம் சப்போட்டா தோப்பு, மறுபுறம் மும்பை மின்சார ரயில்: இரட்டை வாழ்க்கை வாழும் தஹானு

மும்பை: மகாராஷ்டிர மாநிலம் பால்கர் மாவட்டத்தின் கடலோரத்தில் அமைந்துள்ள தஹானு, சப்போட்டா பழத்துக்குப் பெயர் பெற்ற வேளாண் நகரம். அதேவேளையில், சுமார் 124 கி.மீ. தொலைவிலுள்ள மும்பை சர்ச்கேட் வரையிலான வழித்தடத்தில் நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்புவோரின் வசிப்பிடமாகவும் உள்ளது. மேற்கு ரயில்வேயின் மும்பை புறநகர் சேவை முடிவடையும் நிலையம் தஹானு ரோடு என்பதே இதற்குக் காரணம்.

புறநகர் ரயில் வந்தது எப்படி?

மும்பை புறநகர் ரயில்கள் நீண்டகாலமாக 60 கி.மீ. தொலைவிலுள்ள விரார் வரை மட்டுமே இயக்கப்பட்டன. விரார் வரை 1,500 வோல்ட் நேர்த்திசை மின்னோட்டமும், அதற்கு வடக்கே 25,000 வோல்ட் மாறுதிசை மின்னோட்டமும் பயன்பாட்டில் இருந்ததே இதற்கு முக்கியத் தடை. புறநகர் வழித்தடம் முழுவதும் 25,000 வோல்ட்டுக்கு மாற்றும் பணி 2012-ல் நிறைவடைந்தது. இதையடுத்து, 2013 ஏப்ரலில் புறநகர் சேவை தஹானு ரோடு வரை நீட்டிக்கப்பட்டது. அதற்கு முன்பு பயணிகள் ரயில்களையும் விரைவு ரயில்களையுமே மக்கள் நம்பியிருந்தனர்.

ஆயினும், விராருக்கு வடக்கே இன்னும் இரண்டு தண்டவாளங்களே முழுச் சுமையையும் தாங்குகின்றன. மும்பை-ஆமதாபாத், மும்பை-டெல்லி விரைவு ரயில்களும் சரக்கு ரயில்களும் இதே பாதையில்தான் செல்கின்றன. எனவே, விரார் வரை கிடைப்பதுபோல் அடுத்தடுத்து ரயில்கள் இங்கு கிடைப்பதில்லை. ஒரு ரயிலைத் தவறவிட்டால், அன்றைய வேலை நேரமே தவறிவிடும் நிலை உள்ளது. இதற்குத் தீர்வாக, விரார்-தஹானு இடையே 64 கி.மீ. தொலைவுக்கு 3-வது, 4-வது பாதைகள் அமைக்கும் திட்டத்துக்கு 2016-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

சப்போட்டாவின் கணக்கு

தஹானு, கோல்வட் பகுதிகளில் 'காலிபத்தி' ரக சப்போட்டா பெருமளவில் பயிரிடப்படுகிறது. 'தஹானு கோல்வட் சிக்கூ' என்ற பெயரில் இதற்கு 2016-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பறித்த சில நாட்களிலேயே பழுத்துவிடும் இப்பழத்துக்கு விரைவான போக்குவரத்தும் அருகிலேயே பெரிய சந்தையும் தேவை. ஆகவே, வேலைக்குச் செல்வோருக்கு மட்டுமன்றி தோப்புக்கும் மும்பை அவசியமாகிறது. மறுபுறம், பழம் பறிக்கவும் தரம் பிரிக்கவும் ஆள்பலம் தேவை. வார்லி உள்ளிட்ட பழங்குடியின மக்களே இத்தோப்புகளில் பெரும்பாலும் பணிபுரிகின்றனர். மாதச் சம்பளம் தரும் நகர வேலை எட்டும் தொலைவில் இருக்கும்போது, அடுத்த தலைமுறை தோப்பில் நீடிக்குமா என்பது இத்தகைய ஊர்கள் அனைத்துக்கும் உரிய கேள்வி.

தோப்புகளைக் காத்த அறிவிக்கை

விராரையும் வசாயையும் போல் தஹானு அடுக்குமாடிக் குடியிருப்புகளால் நிறையாததற்குத் தொலைவு மட்டும் காரணமல்ல. தஹானு வட்டத்தைச் சூழலியல் ரீதியாக எளிதில் பாதிக்கப்படக்கூடிய பகுதியாக மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 1991 ஜூனில் அறிவித்தது. இதன்மூலம் தொழிற்சாலைகளுக்கும் நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கும் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. உச்ச நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 1996-ல் தஹானு வட்டச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. நீதிபதி சந்திரசேகர் தர்மாதிகாரி இதன் தலைவராக நீண்டகாலம் பணியாற்றினார். இங்குள்ள 500 மெகாவாட் அனல்மின் நிலையத்தில் கந்தக வாயுவை அகற்றும் கருவியை நிறுவுமாறு உத்தரவிட்டதும் இந்த ஆணையமே.

அடுத்து என்ன?

தஹானு அருகே ரூ.76,220 கோடியில் அமையவுள்ள வாத்வன் துறைமுகத்துக்கு 2023 ஜூலையில் இந்த ஆணையம் அனுமதி வழங்கியது. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 30-ல் பிரதமர் நரேந்திர மோடி அடிக்கல் நாட்டினார். வேலைவாய்ப்பு பெருகும் என அரசு கூறும் நிலையில், வாழ்வாதாரம் பறிபோகும் என மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்து வருகின்றனர்.

கூடுதல் ரயில் பாதைகள் பயன்பாட்டுக்கு வரும்போது பயணிகளின் இன்னல் குறையும். ஆனால், மும்பை நெருங்க நெருங்க நிலத்தின் விலையும் உயரும். தோப்பு தரும் வருவாயைவிட நிலத்தை விற்றால் கிடைக்கும் தொகை பன்மடங்கு அதிகமாகும்போது, 1991 அறிவிக்கையின் கட்டுப்பாடுகள் எவ்வளவு உறுதியாக நடைமுறைப்படுத்தப்படுகின்றன என்பதைப் பொறுத்தே சப்போட்டா தோப்புகளின் எதிர்காலம் அமையும்.