தேரி மண்ணும் டர்போவும்: ஒரு லாரியின் மூச்சுக்குழாய்

போன ஆடியில் உடன்குடிக்குப் போயிருந்தபோது அத்தானின் லாரி வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது. லோடு ஏற்றினால் இழுவை இல்லை, கரும்புகை, ஆயிலும் குறைகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஹோஸைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "உள்ளே ஆயில் நிக்கி, டர்போ போச்சு" என்று சொல்லிவிட்டார்களாம். "மாப்ளே, தவணையே ரெண்டு மாசம் பாக்கி. டர்போவுக்கு எங்க போவேன்?" என்றார்.

நான் மெக்கானிக் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் பிழை எங்கே என்று தெரியாதபோது பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்ப்பதுதான் எங்கள் தொழிலே. காற்று போகும் பாதையும் அப்படித்தான்: ஏர் ஃபில்டர், டர்போவின் கம்ப்ரசர், இன்டர்கூலர், அப்புறம் இன்ஜின். ஆயில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கிறது என்று கேட்க வேண்டும். லேசான ஆயில் பிசுக்கு எந்த டர்போ வண்டியிலும் இருக்கும்.

வெள்ளைத் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு ஃபில்டர் பக்கமிருந்து துடைத்துக்கொண்டே வந்தேன். ஃபில்டரைத் தாண்டிய குழாயில் துணி சிவந்துவிட்டது! தேரி மண். குதிரைமொழித் தேரிப் பக்கம் ஆடிக்காற்றில் செம்மண் எப்படிப் பறக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மணல் துகள் மேல் இரும்பு ஆக்சைடு படிந்ததால் வந்த சிவப்பு அது. வேறு ஊராக இருந்தால் வெறும் அழுக்கு என்று விட்டிருப்பேன். இங்கே மண்ணே சாயம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அந்த மண் காய்ந்திருந்தது, ஆயில் இல்லை. இன்ஜினின் பிரீதர் குழாய் வந்து சேரும் இடத்தில்தான் ஆயில் ஆரம்பித்தது. அதாவது டர்போவுக்கு முன்னாலேயே! டர்போ சீல் மட்டும் போயிருந்தால் டர்போவுக்குப் பின்னால்தான் பெரும்பாலும் ஈரம் இருக்கும். ஷாஃப்டை விரலால் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. பக்கவாட்டில் கொஞ்சம் அசைந்தது, ஆனால் வீல் கூட்டில் உரசவில்லை. கம்ப்ரசர் வீலின் முனைகள் மட்டும் சொரசொரப்பாக இருந்தன. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று வரை போகும் வீலில் மணல் மோதினால் வேறென்ன ஆகும்?

மண் எப்படி வந்தது? வெளி ஃபில்டரின் தகடு ஓரிடத்தில் நெளிந்து, அங்கே ரப்பர் சரியாகப் படியாமல், சிவப்புக் கோடாக ஒரு தடம். தூசி தட்டுகிறேன் என்று டிரைவர் அதை டயரில் அடித்திருக்கிறார். உள்ளே இருக்க வேண்டிய சின்ன பாதுகாப்பு ஃபில்டரோ இல்லவே இல்லை. "அது எதுக்குன்னு கழட்டிப் போட்டுட்டோம்" என்றார் அத்தான். (இதில் எங்கள் துறைக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை.)

இனி இழுவைக்கு வருவோம். இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ் ஆயிலில் ஊறி உப்பி, கிளிப் அடியில் வெடித்திருந்தது. வெளியே அந்த இடத்தில் மட்டும் ஆயிலும் செம்மண்ணும் குழைந்து அப்பியிருந்தன. டர்போ அழுத்திக் கொடுத்த காற்று அந்த வழியாகப் போய்விட்டது. டீசலுக்கு ஏற்ற காற்று இல்லாததால்தான் கரும்புகை. ஆயில் எரிந்தால் புகை நீலமாக வரும். இன்டர்கூலரைக் கழற்றிச் சாய்த்தபோது ஒரு டம்ளருக்கு மேல் ஆயில் வடிந்தது. அதைச் சும்மா விட்டிருந்தால் ஆபத்து: மொத்தமாக உறிஞ்சப்பட்டால் டீசலை நிறுத்தினாலும் இன்ஜின் அந்த ஆயிலிலேயே ஓடி, கட்டுக்கு அடங்காமல் எகிறும்.

புது ஹோஸ், இரண்டு ஃபில்டர், இன்டர்கூலர் கழுவல் இவ்வளவோடு இழுவை திரும்பிவிட்டது. டர்போ பழசுதான்.

ஆனால் பிரீதர் ஏன் இவ்வளவு ஆயிலைத் தள்ளியது என்ற கேள்வி பாக்கி. இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை. தேரி மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், லைனரின் வார்ப்பிரும்பைவிடக் கடினம். ரிங்கும் லைனரும் தேய்ந்து, எரிந்த வாயு கீழே இறங்கி, ஆயிலையும் சேர்த்துக்கொண்டு பிரீதர் வழியாக மறுபடி காற்றுப் பாதைக்கே வருகிறது. இதைச் சொன்னபோது அத்தான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "குலசை தசரா முடியட்டும் மாப்ளே, இன்ஜினைப் பிரிச்சிருவோம்" என்றார்.