திரைக்குப் பின்னால் ஒலித்த குரல்

பாடலுடன் பாடியவரின் பெயரையும் அறிவிக்கும் இலங்கை வானொலியைக் கேட்டுப் பழகியவர்கள் நாம். நடிகை வாயசைக்க வேறொருவர் பாடுவது நமக்கு இரகசியமன்று. ஆனால், ஹொலிவூட்டின் இசைத் திரைப்படங்கள் கோலோச்சிய காலத்தில் அங்கு நிலைமை வேறாக இருந்தது. நட்சத்திரமே பாடுகிறார் என்று இரசிகர்களை நம்பவைப்பதில் படநிறுவனங்கள் கண்ணுங்கருத்துமாக இருந்தன. அதற்கான விலையைச் செலுத்தியவர்களுள் முதன்மையானவர் மார்னி நிக்சன்.

1930இல் கலிபோர்னியாவில் பிறந்த இவர், மேற்கத்தேய சாஸ்திரிய இசையை முறையாகப் பயின்றவர். ஸ்ட்ராவின்ஸ்கி, வேபேர்ன் போன்றோரின் கடினமான ஆக்கங்களைப் பாடியவர். 1956இல் வெளியான 'த கிங் அன்ட் ஐ' படத்தில் டெபோரா கெருக்குக் குரல் கொடுத்தார். ஒத்திகைகளில் கெரின் அருகிலேயே நின்று, அவரது முகபாவத்தையும் உச்சரிப்பையும் அவதானித்துத் தமது குரலை அமைத்துக்கொண்டார். இதனை வெளியே சொன்னால் இத்தொழிலில் இனி இடமில்லை என நிறுவனம் அவரை எச்சரித்தது. உண்மையைப் பகிரங்கப்படுத்தியவர் கெரே என்பது குறிப்பிடத்தக்கது.

இதனை ஹொலிவூட்டின் குறையாக மட்டும் கொள்வதற்கில்லை. 1949இல் வெளிவந்த 'மஹால்' இந்திப் படத்தின் இசைத்தட்டில் லதா மங்கேஷ்கரின் பெயருக்குப் பதிலாகக் கதாபாத்திரத்தின் பெயரே அச்சிடப்பட்டிருந்தது.

1961இன் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' மேலும் சிக்கலானது. தமது குரலே இடம்பெறும் என நம்பிய நட்டாலி வூட், தாமே பாடிய ஒலிப்பதிவுக்கு வாயசைத்து நடித்து முடித்தார். அந்த வாயசைவுக்குப் பொருந்துமாறு நிக்சன் பின்னர் பாட நேர்ந்தது. பாடலை முதலில் பதிவுசெய்து பின்னர் படம்பிடிக்கும் வழமைக்கு இது நேர்மாறானது. இசைத்தட்டு வருமானத்தில் அவருக்குப் பங்கு ஒதுக்கப்படாதபோது, இசையமைப்பாளர் லெனார்ட் பேர்ன்ஸ்டைன் தமது உரிமைத்தொகையிலிருந்து கால் சதவீதத்தை விட்டுக்கொடுத்தார். தொகை சிறிதெனினும், குரலும் ஓர் உழைப்பே என்பதை அது ஒப்புக்கொண்டது.

1964இல் 'மை ஃபெயார் லேடி' வெளியாகும்போது இரகசியம் கசிந்திருந்தது. அப்படம் 8 ஒஸ்கார் விருதுகளை வென்றும், கதாநாயகி ஓட்ரி ஹெப்பர்னின் பெயர் பரிந்துரைப் பட்டியலிற்கூட இடம்பெறவில்லை. பாடல்கள் அவருடையவை அல்ல என்பதே காரணமெனப் பலரும் கருதினர். ஆக, இந்த ஒளிவுமறைவு பாடகியை மட்டுமன்றி நடிகையையும் பாதித்தது என்றே நாம் கருதுகிறோம்.

2016இல் நியூயோர்க்கில் காலமாகும்வரை நிக்சன் இசையை விட்டு விலகவில்லை. 1965இன் 'த சவுண்ட் ஒஃப் மியூசிக்' படத்தை அடுத்த முறை பார்க்கும் வாசகர்கள், மரியாவைப் பற்றிக் கன்னியாஸ்திரிகள் கூடிப் பாடும் காட்சியைச் சற்றுக் கவனிக்கவும். அதில் சகோதரி சோஃபியாவாக நின்று பாடுபவர் அவரே.