காந்தலூர் கூடையில் ஞாபகசக்தி விளைகிறதா?

மறையூரிலிருந்து மலையேறினால் காந்தலூர். இடுக்கி மாவட்டம்தான், காதில் விழுவதோ பெரும்பாலும் தமிழ். கேரளம் முழுக்கக் கொட்டித் தீர்க்கும் மழை இந்த மழைமறைவுப் பகுதியில் குறைவு. குளிரும் சேர்வதால் ஆப்பிள், பிளம்ஸ், ஸ்ட்ராபெரி எல்லாம் விளைகின்றன. இங்கும் வட்டவடையிலும் விளையும் பூண்டு புவிசார் குறியீடு பெற்றது.

இந்தக் கூடையில் மறதி நோய்க்கு மருந்து இருப்பதாக அடித்துச் சொல்லும் வாட்ஸ்அப் தகவல்களுக்குப் பஞ்சமில்லை. முழுப் பொய்யும் அல்ல.

ஸ்ட்ராபெரிக்குச் சிவப்பைத் தருவது ஆந்தோசயனின். அமெரிக்கச் செவிலியர்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆய்வொன்று 2012-இல் வெளியானது. 70 வயது கடந்த 16,010 பெண்களின் ஞாபகத்தைச் சோதித்தார்கள். ஸ்ட்ராபெரியும் புளூபெரியும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு மூளையின் மூப்பு இரண்டரை ஆண்டு வரை தள்ளிப்போயிருந்தது. ஆனால், பழம் வாங்க வசதியுள்ளவர் நடைப்பயிற்சிக்கும் போவார், டாக்டரையும் பார்ப்பார். எவ்வளவு கழித்துப் பார்த்தாலும் அந்த வசதியின் பங்கு கணக்கில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

நேரடிச் சோதனையும் உண்டு. கீரை, பயறு, கொட்டைகள், பெரிப் பழங்கள் கொண்ட 'மைண்ட்' உணவுமுறையை 604 பேரிடம் மூன்றாண்டு சோதித்தார்கள். 2023-இல் வந்த முடிவு: வழக்கமான உணவையே சற்றுக் குறைத்துச் சாப்பிட்டவர்களைவிட 'மைண்ட்' குழுவினரின் நினைவுத்திறன் சொல்லும்படி மேம்படவில்லை. மூன்றாண்டு போதாது என்பது என் எண்ணம். மறதி நோய் மூளைக்குள் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் வளர்வது.

பூண்டு விஷயம் வேறு. முழுப் பல்லில் அல்லிசின் கிடையாது. நசுக்கும்போதுதான் ஒரு நொதி வேலைசெய்து அதை உண்டாக்குகிறது. மூக்கில் ஏறும் நெடி அதுதான். முழுப் பல்லாகக் குழம்பில் வேகவைத்தால் நொதி செயலிழந்துவிடும். பூண்டுச் சாறு எலிகளில் நல்ல பலன் காட்டியிருக்கிறது. மறதி நோயைத் தடுக்கும் என்பதற்கு மனிதரிடம் உறுதியான சான்று இல்லை. மாத்திரையாக விற்றால் நான் வாங்கமாட்டேன். பூண்டுக் குழம்பு என்றால் இரண்டாம் முறை சோறு கேட்பேன்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக மதிப்பீடு. 14 காரணங்களைக் கவனித்தால் உலகில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது 2024-இல் லான்செட் ஆணையம். ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, காது கேளாமை எல்லாம் அதில் உண்டு. பூண்டும் பழமும் இல்லை.

காந்தலூர் போனால் ஸ்ட்ராபெரி தாராளமாக வாங்குங்கள். வீடு திரும்பியதும் அப்பாவின் பிரஷரையும் அம்மாவின் காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.