நடந்தது ஒன்று, மனம் படித்தது ஒன்று

நிகழ்வுக்கும் கவலைக்கும் நடுவே

அன்றாடம் நடக்கும் ஒரு நிகழ்வுக்கும் அதனால் எழும் கவலைக்கும் நடுவில், அந்த நிகழ்வுக்கு மனம் கொடுக்கும் பொருள் நிற்கிறது. அது நொடியில் தோன்றி மறைவதால் பலருக்கும் கண்ணில் படுவதில்லை. நிகழ்வே நேராகக் கவலையைத் தந்துவிட்டது போலத் தெரிகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் மனச்சோர்வு உள்ளவர்களிடம் இந்த நடுப்படியைக் கண்டார். தங்களைப் பற்றியும், உலகைப் பற்றியும், வருங்காலத்தைப் பற்றியும் தானாக முளைக்கும் இருண்ட எண்ணங்களை அவர்கள் ஆராயாமலே நம்பினார்கள். அந்த எண்ணங்களை எடுத்துவைத்துச் சோதிக்கப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை அங்கிருந்துதான் வளர்ந்தது.

மண்டகப்பட்டுப் பாறை

மனம் கொடுக்கும் பொருளை மாற்றிப் பார்ப்பதற்கு ஒரு பாறை நல்ல உவமை. விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே உள்ள மண்டகப்பட்டில், முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரம்மா, சிவன், திருமால் மூவருக்குமாக ஒரு குடைவரையை அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் விசித்திரசித்தன் என்ற பட்டப்பெயர் கொண்ட அந்த மன்னன் உருவாக்கிய கோயில் இது என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு தெரிவிக்கிறது. இவற்றைக் கொண்டு கோயில் கட்டுவதே வழக்கமாக இருந்த காலத்தில், ஊரோரப் பாறைக்குள் ஒரு கோயிலைக் கண்டது புதிய பார்வைதான். ஆனால் அந்தப் பார்வையால் கல்லின் கடினம் குறைந்துவிடவில்லை. ஒவ்வோர் அங்குலத்தையும் உளிகொண்டே செதுக்க வேண்டியிருந்தது. பொருளை மாற்றிப் பார்ப்பது வேலையைக் குறைப்பதில்லை, வேலை தொடங்க ஓர் இடத்தைக் காட்டுகிறது. மனநலத்திலும் இதை மறந்துவிடக் கூடாது.

உடலில் நடப்பது

ஆபத்து என்று மனம் படித்தால் உடல் உடனே ஆயத்தமாகிறது. அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கார்ட்டிசால் கூடுகிறது. இது நாள்தோறும் நீண்டால் தூக்கம் கெடும், செரிமானம் கெடும், இரத்த அழுத்தமும் பாதிக்கப்படலாம். உணர்ச்சியை வெளியே காட்டாமல் அடக்குவது இதற்கு மருந்தாகாது. உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் 1990களின் இறுதியில் செய்த ஆய்வில், அடக்கியவர்களின் முகம் அமைதியாக இருந்தாலும் உள்ளே அந்த உணர்ச்சி குறையவில்லை, உடலின் பதற்றம் கூடவே செய்தது. நிகழ்வை வேறு கோணத்தில் பார்த்தவர்களுக்கு அந்த உணர்ச்சியே குறைந்தது. பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதைப் பெருமையாகப் பேசும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

பொருளைச் சோதிக்கும் முறை

சென்னைக்கு அருகே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் மகனுக்கு ஊரிலிருக்கும் தாய் மூன்று முறை போன் செய்கிறார், அவன் எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். நடந்தது அவ்வளவுதான். "புள்ளைக்கு நம்ம நெனப்பே இல்ல" என்பது மனம் சேர்த்துக்கொண்டது. முதலில் இந்த இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும். எழுத வராதவர் நம்பிக்கையானவரிடம் வாய்விட்டுச் சொன்னாலும் போதும். அடுத்து அந்த எண்ணத்துக்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன என்று பார்க்க வேண்டும். முந்தாநாள் இரவு அவனே கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். இந்த வாரம் அவனுக்குப் பகல் ஷிஃப்டாக இருக்கலாம், வேலையிடத்தில் போனுக்கு அனுமதி இல்லாமலும் இருக்கலாம்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் அது வெறும் ஆறுதல். புதிய பொருளையும் சோதிக்க வேண்டும். ஷிஃப்ட் முடிந்த பிறகு அவனையே கேட்பதுதான் அந்தச் சோதனை. அவனுக்கு உண்மையிலேயே கோபம் என்று தெரிந்தால், இனி அது எண்ணத்தில் உள்ள பிழை அல்ல, பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். "எப்பவும்", "எல்லாரும்", "ஒருபோதும்" என ஒரு நிகழ்வை எல்லாவற்றுக்கும் நீட்டும் சொற்கள் பேச்சில் வரும் இடங்களைக் கவனிப்பது நல்ல தொடக்கம். ஒரு முறை மல்லாட்டை விளைச்சல் குறைந்ததும் "எனக்கு ராசியே இல்ல" என்பவர், அந்தப் பருவத்தின் மழையையும் விதையையும் கணக்கில் எடுப்பதில்லை. தவறு எங்கே என்று தெரிந்தால் அடுத்த பட்டத்தில் மாற்றலாம். ராசி என்று முடித்துவிட்டால் மாற்ற எதுவும் மிஞ்சாது. இந்தப் பழக்கம் ஒரே நாளில் வராது. சில வாரங்கள் நாள்தோறும் செய்தால் கைவரும்.

எங்கே இது பொருந்தாது

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலும் அதைத் தொடர்ந்த வெள்ளமும் விழுப்புரம் மாவட்டத்தில் வயல்களையும் வீடுகளையும் மூழ்கடித்தன. அப்படி இழந்தவரிடம் "வேறு விதமாக நினைத்துப் பாருங்கள்" என்பது கொடுமை. அவருக்குத் தேவை இழப்பீடு, கடன் அவகாசம், துக்கப்பட நேரம். குடும்ப வன்முறை, சாதி இழிவு, கொடுக்கப்படாத கூலி ஆகியவற்றிலும் மாற வேண்டியது பாதிக்கப்பட்டவரின் பார்வை அல்ல. இங்கே இந்த முறையைக் காட்டுவது பழியை அவர் தலையில் கட்டுவதாகும்.

உதவி தேடும் நேரம்

சோர்வு, தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தானே எழுதிப் பார்ப்பது போதாது. ஒருவருக்குச் சாகலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது, அவரைத் தனியே விடவும் கூடாது. விழுப்புரம் பகுதியில் இருப்பவர்கள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.