பொலிகாளை: ஒரு சொல்லும் ஒரு கொடைமரபும்

நல்ல ஆண்விலங்கு ஒன்றை இனப்பெருக்கத்தின் பொருட்டுப் பலர்க்கும் பொதுவாக்கும் முறை வேளாண் நாடுகள் பலவற்றிலும் உண்டு. பிரான்சு நாட்டில் 1665இல் கொல்பேர் என்னும் அமைச்சர் காலத்தில் அரசுக் குதிரைப்பண்ணை முறை தோன்றியது. அதன்வழிப் பொலிகுதிரைகள் நாட்டுப்புறங்களில் நிறுத்தப்பெற்று உழவர்தம் பெண்குதிரைகளோடு சேர்க்கப்பெற்றன. அப்பிரெஞ்சுக்காரர் 1739இல் காரைக்காலைக் கைக்கொண்டனர். இடையிடையே ஆங்கிலேயர் வசப்பட்டது நீங்கலாக 1954 வரை அதனை ஆண்டனர். ஆயினும் காரைக்காலை உள்ளிட்ட காவிரிக் கடைமடை நாட்டில் உழவர்க்கு வேண்டப்பட்டது குதிரையன்று, காளையே. அதனைப் பொதுவாக்கிய வழியும் வேறு. அவ்வழியின் உட்பொருளைப் 'பொலி' என்னும் சொல்லைக்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

இக்கடற்கரைக்குக் குதிரை புதியதன்று. காரைக்காலுக்கு வடக்கேயுள்ள காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டியர் ஆண்டுதோறும் பெருந்தொகை கொடுத்துக் குதிரைகளை வாங்கியதைக் கூறுகின்றார். உயர்ந்த ஆண்குதிரையை உயர்ந்த பெண்குதிரையோடு சேர்த்தாலும் இந்நாட்டில் கால் கோணிய சிறு குட்டியே பிறக்கும் என்றும் அவர் எழுதியுள்ளார். இக்கூற்றில் மிகையிருக்கலாம், எனினும் குதிரை இங்கே வாங்கப்படும் பொருளாகவே பெரிதும் நின்றது என்பது இதனால் விளங்கும். முழங்கால் அளவு சேற்றில் ஏரிழுக்கும் தொழிலோ மாட்டுக்கே உரியதாயிற்று.

அத்தொழிலுக்கு இப்படுகையில் உருவான இனம் உம்பளச்சேரி மாடு. நாகப்பட்டின மாவட்டத்து ஊர் ஒன்றின் பெயரே இனத்தின் பெயராயிற்று. கன்று செந்நிறமாய்ப் பிறந்து, சில திங்களில் சாம்பல் நிறம் பெறும். நெற்றியிலும் கால்களிலும் வெண்மை காணப்படும். எருதுகளின் கொம்பை நீக்கும் வழக்கத்தால் 'மொட்டை மாடு' எனவும், திசை நோக்கித் 'தெற்கத்தி மாடு' எனவும் உழவர் வழங்குவர். எருதுகள் காயடிக்கப்படுவன, ஆதலின் இனம் நிலைபெறுதல் காயடிக்காது விடப்பெறும் ஒருசில காளைகளையே சார்ந்தது. ஏறத்தாழ 50 பசுக்களுக்கு ஒரு காளை போதும். ஆனால் ஏர் இழுக்காத அக்காளைக்குத் தீனியிட்டு வளர்த்தல் சிறுகுடியானவனுக்கு இயலாத செலவு. இச்சிக்கலைத் தீர்த்தது கோயிற்காளை மரபாகும்.

ஒருவர் நேர்ந்துகொண்டோ இறந்தார் பொருட்டோ ஒரு கன்றைக் கோயிலுக்கு விடுவர். அன்றுமுதல் அது எவர்க்கும் உடைமையன்று. எவர் வயலில் மேய்ந்தாலும் அடித்து விரட்டார். எவர் பசுவோடு சேரினும் கூலி கேளார். தீனிச்செலவு ஊர்முழுதுக்கும் பகிர்ந்து போயிற்று. பயனும் அவ்வாறே பகிரப்பட்டது.

இனிச் சொல்லை நோக்குவாம். பொலிதல் என்பது பெருகுதல், விளங்குதல் எனப் பொருள்படும். இனப்பெருக்கத்திற்குரிய காளை பொலிகாளை அல்லது பொலியெருது, கடா பொலிகடா. களத்தில் குவித்த நெல்லும் பொலியே. நெல் அளக்குங்கால் 'பொலி, பொலி' எனக் கூறுதலும் உழவர் வழக்கு. கல்வெட்டுக்களில் வட்டி 'பொலிசை' எனவும் 'பொலியூட்டு' எனவும் வரும். காளை, நெல், வட்டி என்னும் மூன்றும் ஒரு வேரில் இணைதல் தற்செயலன்று. முதல் குறையாது நிற்க, அதன் பெருக்கத்தையே துய்த்தல் என்பது இம்மூன்றற்கும் பொதுவாய கருத்து. தஞ்சைப் பெருங்கோயிலில் முதலாம் இராசராசன் காலத்து (985–1014) ஒரு நந்தாவிளக்கிற்கு 96 ஆடுகள் விடப்பெற்றன. இத்தகைய ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுக்கள் கூறும். தனி ஆடு சாகும். மந்தையின் தொகை சாவதில்லை. விளக்கிற்கு விட்ட ஆட்டையும் ஊருக்கு விட்ட காளையையும் ஒரே அறமாகக் காண்டல் பொருந்தும்.

இம்மரபிற்குக் குறையும் உண்டு. விடப்பெற்ற கன்று நல்ல இனத்தது என்பதற்கு உறுதியில்லை. நேர்த்திக்கடனே அதனைத் தேர்ந்தது. ஒரே காளை ஓரூரில் மூன்று நான்கு ஆண்டுக்கு மேல் தங்கின் தன் வழிப்பிறந்த கிடாரிகளோடே சேர நேரும். இக்குறைகளை நீக்கவே சென்னை மாகாணத்தில் 1940ஆம் ஆண்டின் கால்நடை மேம்பாட்டுச் சட்டம் காளைகளுக்கு உரிமம் வேண்டும் என்றது. அந்நாளில் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையின் அச்சட்டம் அங்குச் செல்லவில்லை. எல்லைக்கு இருபுறமும் நிலமும் மாடும் ஒன்றே. காளையின் உரிமை மட்டும் இருவேறாயிற்று.

பின்னர் உழுபொறியும் செயற்கைமுறைக் கருவூட்டலும் வந்தன. மேய்ச்சல் நிலமும் குறைந்தது. இன்று 'கோயில் காளை போலத் திரிகிறான்' என்பது பொறுப்பின்றி அலைவானைக் குறிக்கும் வசைமொழி. காளையின் உரிமையை நினைவில் வைத்த வழக்கு, அவ்வுரிமைக்கு ஈடான அதன் கடமையை மறந்துவிட்டது. தொண்டுக்கு ஈடாக இறையிலியாகத் தரும் நிலத்தை 'உம்பளம்' என்பர். உம்பளச்சேரி என்னும் ஊர்ப்பெயர் காளையால் எழுந்தது என்பது எம் கருத்தன்று. ஆயினும் கோயிற்காளை மேய்ந்த மேய்ச்சல் அதன் உம்பளமே எனலாம். ஆதலின் நாட்டினங்களைக் காக்கும் இற்றை முயற்சிகள் விந்தைச் சேமித்தலோடு அமையா. ஒரு பொலிகாளையின் தீனியை ஊர் எவ்வாறு பகிர்ந்து கொள்ளும் என்னும் பழைய வினாவிற்கும் அவை விடை காணல் வேண்டும்.