ஆட்டத்தை மறந்த ஆட்டக்காரர்கள்!

கொல்லிமலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆண்டுதோறும் ஆடிப் பெருக்கை ஒட்டி, அங்கே வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுக்கிறது. கலைக் குழுக்கள் சலங்கை கட்டுகின்றன.

சங்க காலத்தில் ஓரி ஆண்ட மலை இது. அன்றும் ஆடல் பாடல் குழு ஒன்று வந்தது. மேடை ஏது? காட்டு வழிதான்!

எதிரே ஒரு வேடன். அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது. (நம்புவது உங்கள் இஷ்டம்.) மார்பிலே ஆரம். கூலிக்கு வேட்டையாடுகிறவன் அல்ல!

புலவர் வன்பரணர் குழுவை முடுக்கினார். முழவுக்கு மண் பூசினார்கள். யாழுக்குச் சுருதி கூட்டினார்கள். யானைத் துதிக்கை போன்ற குழலை எடுத்தார்கள். பாட்டு முடியும்போது "கோ" என்றார் புலவர். அரசன் என்று பொருள். வேடன் வெட்கித் தலை குனிந்தான். அவனே ஓரி!

வந்தவர்கள் வாய் திறந்து கேட்குமுன், மான்கறியும் மதுவும் தந்தான். தன் மலைப் பொன்னை மணிகளோடு அள்ளிக் கொடுத்தான்.

இது புறநானூற்றின் 152-வது பாட்டு. அடுத்த பாட்டு இன்னும் வேடிக்கை. புலவரின் சுற்றத்தார் ஓரியிடம் போனார்கள். மணி பதித்த குவளைப் பூ, நகை, யானைகள் எல்லாம் கிடைத்தன. பசி போயிற்று. வாத்தியங்கள் முழங்குகின்றன, ஆடக் கால் எழவில்லை, பாட்டும் மறந்துபோயிற்று!

பின்னர் ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்றான். கொல்லிமலை சேரன் கைக்குப் போயிற்று. பாணர் கூட்டம் மறுபடியும் யாழைத் தூக்கிக்கொண்டு வேறு வாசல் தேடத்தானே வேண்டும்?